சேர்வராயன் மலையின் ஊரவையும் இளமை மணமும்

சேலத்திற்கு வடகிழக்கே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயரைக் கேட்ட அளவிலே சேரநாட்டு மொழியையும் அம்மொழி பேசுவாரையும் நினைத்தல் பிழையாம். இவர்கள் பேசுவது தமிழ்; மலையில் வாழ்வார், மலையை ஆள்வார் என்னும் பொருள்பட நின்றதே இப்பெயர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த வேளாண் குடியினர் என்பதும், உடன்பிறந்தார் மூவருள் மூத்தோன் சேர்வராயனைத் தன் இடமாகக் கொள்ள, ஏனை இருவரும் கொல்லிமலையையும் பச்சைமலையையும் கொண்டனர் என்பதும் இவரிடை வழங்கும் செவிவழிச் செய்தி. இச்செய்தியின் வரலாற்றுண்மையை ஆராய்தல் ஈண்டு எமது நோக்கமன்று. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் தொகையால் மிக்கவர் இவரே என்பதை மட்டும் குறித்து மேற்செல்வாம்.

யாம் ஆராயப் புகுவது, இம்மலையில் வழங்கிய இளமை மணமும், அதனைக் கட்டவும் அவிழ்க்கவும் உரிமை பெற்றிருந்த ஊரவையும் ஆகிய இரண்டன் தொடர்பே. இளமை மணத்தைத் தடுத்தல் அரசின் தொழில் எனவும், ஊர்ப்பெரியோர் அவை பழமையைக் காப்பதற்கே உரியது எனவும் கருதும் வழக்கம் கற்றாரிடை மிக்குள்ளது. சேர்வராயன் மலையின் சான்றுகளை நோக்குமிடத்து இக்கருத்து ஒருபுடை உண்மையேயாம், மறுபுடை ஒன்றுண்டு. அதனைக் காட்டுதற்கே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் சான்றுகளின் தன்மையை அறிந்துகொள்ளல் வேண்டும். லெ ஃபானு என்பார் 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலும், ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதிய சேலம் மாவட்ட விவரச்சுவடியும் இத்துறையில் தலையாய எழுத்துச் சான்றுகள். இம்மூன்றும் அயலார் எழுதியவை. ஒருவர் எழுதியதைப் பின்னவர் எடுத்தெழுதும் வழக்கமும் இவற்றிடை உண்டு. ஆகலின் மூன்று நூலிலும் ஒரு செய்தி காணப்படுதல் கொண்டே அதனை மூன்று சான்று எனக் கொள்ளுதல் கூடாது. ஆராய்ச்சி மாணவர் பலர் இவ்விடத்தே வழுவுகின்றனர்.

இனி, அந்நூல்கள் கூறும் மணமுறை யாது எனக் காண்பாம். இளமை மணம் என்றவுடன் அகவை முதிர்ந்த ஆடவனுக்குச் சிறுமியை மணம் செய்வித்தலே நம் நினைவிற்கு வரும். சேலம் மலைகளின் மலையாளிகளைப் பற்றித் தர்ஸ்டன் எடுத்தாண்ட குறிப்போ இதற்கு மறுதலையானது. பருவமெய்திய பெண்ணை, விளையாட்டுப் பருவம் நீங்காத சிறுவனுக்கு மணம் செய்வித்தனர் என்றும், அவன் வளரும் வரையில் சிறுவனின் தந்தையே அப்பெண்ணோடு கூடி வாழ்ந்து மகப்பேற்றிற்குக் காரணமாயினான் என்றும், அம்மகவு சிறுவனின் மகவாகவே கொள்ளப்பட்டது என்றும், அச்சிறுவன் வளர்ந்து தன் மகனுக்கும் அவ்வாறே செய்வான் என்றும் அக்குறிப்புக் கூறுகின்றது. இவ்வழக்கம் மலைமக்களுக்கே உரியதன்று. சமவெளி உழவர் சிலரிடையும் இருந்ததாக அக்காலத்து நூல்களில் குறிப்புக்கள் உள.

இதற்கு அக்குறிப்புக் காட்டும் காரணம் வியப்பைத் தருவது. புத் என்னும் நரகத்தினின்று தந்தையைக் கரையேற்றுதற்குப் புதல்வன் வேண்டும் என்பதனாலேயே இம்முறை எழுந்தது என்கின்றது. காரிராமனையும் சேர்வராயனையும் வழிபட்டு, கேழ்வரகும் சாமையும் விளைத்து வாழ்ந்த மலைக்குடியினர், வடநூலார் சொல்லிலக்கணத்திற் பிறந்த நரகமொன்றை அஞ்சித் தம் மணமுறையை வகுத்தனர் என்பதை எம்மால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. குறிப்பெடுத்தாருக்கு உதவிய கற்றார் எவரேனும் தமக்குப் பழகிய காரணத்தை மலைமேல் ஏற்றியிருத்தல் கூடும். மலை வேளாண்மை கைவேலையால் நடப்பது. களையெடுத்தல், கதிர் கொய்தல், தவசம் குற்றுதல், நீர் சுமத்தல் ஆகிய எல்லாம் பெண்டிர் கையையே நம்பியவை. மகன் சிறுவனாக இருக்கும்போதே வேலைக்குரிய பெண்ணொருத்தியை வீட்டிற்குக் கொண்டுவருதலும், முறைப்பெண் பிறர்க்குப் போய்விடாமல் உரிமையைக் காத்துக்கொள்ளுதலுமே இதன் காரணங்களாதல் வேண்டும் என்பது எம் துணிபு. எவ்வாறாயினும், இம்மணத்தில் இருவர் இளமை பறிபோயிற்று. சிறுவன் தான் அறியாத உறவொன்றில் கணவன் எனப் பெயர் பெற்றான். பெண்ணோ, தன் கணவனல்லாத ஒருவனுக்கு, தன் ஒப்புக் கேட்கப்படாமலே உரியவளாக்கப்பட்டாள். அவ்விருவருள் பின்னையவள் இழந்ததே பெரிது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

தமிழ் நூல்கள் இதுபற்றி யாது கூறும் என்னும் வினா இவ்விடத்தில் எழுதல் இயல்பு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியர்க்குரிய ஒப்புப் பத்தனை வகுத்துரைக்குமிடத்துப் பிறப்பு, குடிமை முதலியவற்றோடு ஆண்டினையும் ஒன்றாக வைத்தார். அகவைப் பொருத்தம் இன்றி அமையும் கூட்டத்தை அவர் ஒத்த காமமாகக் கொள்ளவில்லை என்பது இதனால் தெற்றென விளங்கும். அகவையால் ஒவ்வாக் கூட்டத்தைப் பெருந்திணையின்பால் தள்ளிய மரபும் இதனோடு ஒத்ததே. ஆயினும் இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் இளமை மணம் அறியார் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. சிலப்பதிகாரத்துக் கண்ணகிக்கு மணநாளில் அகவை 12, கோவலனுக்கு 16. பெரியபுராணத்துத் திலகவதியார்க்குக் கலிப்பகையாரை மணம் பேசியதும் 12 அகவை அளவிலேதான். ஒப்பு என்பது இருவரிடை உள்ள அளவு. முதிர்ச்சி என்பது வேறு. முன்னதை நம் நூல்கள் வற்புறுத்தின. பின்னதை இன்று நாம் கொள்ளும் பொருளில் வற்புறுத்தவில்லை. இவ்வேறுபாட்டை மறைத்தெழுதும் கட்டுரைகளால் தமிழுக்கு ஆக்கமில்லை.

மணமுறையை விடுத்து அவைமுறைக்கு வருவாம். சேர்வராயன் மலையின் ஊர்கள் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தன. ஊர்க்குத் தலைவன் ஒருவனும், பல ஊர்க்கு மேலோன் ஒருவனும், அவர்க்குத் துணைவரும் இருந்தனர். மூப்பன், ஊர்க்கவுண்டன், நாட்டான், பட்டக்காரன், கங்காணி என்னும் பெயர்கள் மலைக்கு மலை பொருள் சிறிது மாறி வழங்கின. ஊர் அவையில் குடித்தலைவர் யாவரும் அமர்ந்து வழக்குக் கேட்டனர். தண்டம் விதித்தலும், ஊரினின்று விலக்குதலும், விலக்கப்பட்டாரை விருந்திடச் செய்து மீளச் சேர்த்தலும் அவையின் அதிகாரங்கள்.

அவையின் முன்வந்த வழக்குக்களுள் மணம் பற்றியவை இன்றியமையாதவை. இதன் காரணத்தை அறிந்தாலன்றி எம் கருத்து விளங்காது. இங்கு மணமகன் வீட்டார் பெண் வீட்டார்க்குப் பரிசம் கொடுப்பர். பரிசம் கைமாறிய அன்றே மணம் இரு குடும்பங்களிடை ஓர் ஒப்பந்தமாகிவிடுகின்றது. பெற்ற பணமும் தவசமும் செலவாகிவிடும். சில இடத்து அப்பரிசமே பெண்ணின் உடன்பிறந்தானுக்குப் பெண் கொள்ளுதற்குப் போய்விடும். இந்நிலையில் பெண்ணின் தந்தை மனம் மாறி, இன்னும் சில ஆண்டு பொறுப்போம் எனக் கருதினும் அவனால் தனித்து நிற்க இயலாது. நிற்பானாயின் பரிசத்தைத் திருப்ப வேண்டும். வாக்குத் தவறினான் என்னும் பழியையும் ஏற்க வேண்டும். பரிசத்தில் எவ்வளவு திருப்புவது, எப்பொழுது திருப்புவது, சீர் கொண்டுவந்த செலவை யார் ஏற்பது என்பவற்றை வகுத்து, இரு வீட்டார்க்கும் மானக்கேடு வாராமல் ஒப்பந்தத்தை அவிழ்க்க வல்லது ஊரவை ஒன்றே. மணமுறிவும் மறுமணமும் இம்மக்களிடை ஏற்புடையனவாக இருந்தமையின், கட்டியதை அவிழ்க்கும் கலையில் அவ்வவை நன்கு பழகியிருந்தது.

எனவே, இளமை மணத்தை வழக்கமாக ஏற்றுக் காத்த அவையே அதனை நிறுத்தவும் வல்லதாக இருந்தது. நிறுத்தியதா எனின், அகவை ஒன்றனையே காரணமாகக் கொண்டு நிறுத்தியதாக அக்கால நூல்களில் யாம் கண்ட அளவில் குறிப்பில்லை. ஆற்றல் இருந்தது, அதனை அவ்வழிச் செலுத்துதற்குரிய கருத்து அன்று இல்லை.

கருத்து மலைக்குக் கீழிருந்து சட்ட வடிவில் வந்தது. 1891இல் உடன்பாட்டு அகவை 10இலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டதும், ஹர்பிலாஸ் சாரதா கொணர்ந்த குழந்தை மணத் தடைச் சட்டம் 1929இல் நிறைவேறி 1930 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்ததும் பலரும் அறிந்தனவே. சென்னை மாகாணத்தில் மண அகவையை உயர்த்துதற்கு வாதாடியவருள் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முன்நின்றார். 1929ஆம் ஆண்டுச் சட்டம் அகவை 14 நிரம்பாத பெண்ணையும் 18 நிரம்பாத ஆணையும் குழந்தை என்றது. இவ்விலக்கணம் நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. வடநாட்டுச் சிறுமியரையே மனத்திற்கொண்டு ஆக்கப்பட்ட சட்டமாயினும், ஆணுக்கும் அகவை வரம்பு கூறியமையால், சேர்வராயன் மலையில் பத்து அகவைச் சிறுவனுக்குப் பருவப் பெண்ணை மணம் செய்வித்த தந்தையும் அதன் வலைக்குள் வந்தான்.

வலைக்குள் வந்தானே அன்றி அகப்பட்டிலன். அச்சட்டத்தின் தொடக்க வடிவில், முறையீட்டை மாநிலத் தலைநகரின் குற்றவியல் நடுவரோ மாவட்ட நடுவரோதாம் ஏற்கலாம். முறையிடுவோர் ஓராண்டிற்குள் முறையிடல் வேண்டும். அஃதன்றியும் 100 ரூபாய் வரையில் பிணையம் எழுதித்தருமாறு அவரைக் கேட்க வேண்டும் என்பதும் அதன் விதி. கரடியூர்க் குடியானவன் ஒருவன், தன் அண்டை வீட்டு மணத்தைத் தடுக்க வேண்டி மலையிறங்கிச் சேலம் சென்று, மாவட்டத் தண்டலர் முன் நின்று, நூறு ரூபாய்க்குப் பிணை எழுதித்தந்து, மீண்டும் மலையேறி வந்து அவ்வண்டை வீட்டானோடு ஒரே கேணியில் நீர் எடுத்து வாழ்தல் இயலுமோ? மணத்தை முன்னரே தடுத்து ஆணையிடும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு 1938ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே கிடைத்தது. அகவை வரம்பு 1949இல் பெண்ணுக்கு 15 எனவும், 1978இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 எனவும் உயர்ந்தது. எண் உயர்ந்ததே ஒழிய வழி அணுகவில்லை.

அண்மை என்பது இத்துறையில் தலையாயது. குறிஞ்சித்திணை பயின்றார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அறத்தொடு நிற்றல் என்னும் துறையில் தலைவியின் மறை நேரே தந்தைக்கு உரைக்கப்படுவதில்லை. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உரைப்பர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு இச்சங்கிலியின் ஒரு கண்ணியே. ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரின் உள்ளம் அறிந்து சொல்லெடுப்பர். மணம் பற்றிய ஒரு முடிபினை மாற்ற வேண்டின், வீட்டிற்குள்ளேயே படிப்படியாகச் செல்லும் வாயில்கள் வேண்டும் என்பதனை நம் முன்னோர் துறையாகவே வகுத்தனர். வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 146ஆம் பாட்டில், பெண் கேட்டு வந்த முதியோரை ஏற்கும் ஊரவை காட்டப்படுகின்றது. இருவரை இணைத்து வைக்கும் நடுவராவார் அவ்வூரில் இருந்தனர் என்பதனைத் தோழி மகிழ்ந்து கூறுகின்றாள். அப்பாட்டுக் காதலர் மணத்தைப் பற்றியது. இளமை மணத்தைப் பற்றியதன்று. ஆயினும் நடுவர் வேண்டப்படுதல் இரண்டிற்கும் பொது.

இந்நிலை நம் நாட்டிற்கே உரியதன்று என்பதற்கு அயல்நாட்டு ஒப்புமை ஒன்று காட்டுவாம். ஐரோப்பாவில் பரவி வாழும் உரோமா மக்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் இந்தியாவின் வடமேற்கிலிருந்து சென்றோர் என்பதும், அவர்தம் மொழி இந்தோ-ஆரியக் கிளையைச் சார்ந்தது என்பதும் மொழிநூலார் நிறுவிய முடிபு. அவருள் ஒரு பிரிவினரிடை கிரிசு என்னும் பெரியோர் அவை உண்டு. பெண்ணுக்குக் கொடுத்த விலையைத் திருப்புதல் பற்றிய வழக்குக்களே அவ்வவையில் மிகுதியும் கேட்கப்படுவன. 2003இல் உருமேனியாவின் சிபியு நகரில், உரோமாத் தலைவர் ஒருவர் வீட்டில் பதினைந்து அகவை நிரம்பாத சிறுமிக்கு நடந்த மணம் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. அரசு தலையிட்டு, மணமக்கள் கூடி வாழ்தலைத் தடுத்தது. அரசு தடுத்தது கூடி வாழ்தலை. இரு வீட்டாரிடை நேர்ந்த ஒப்பந்தத்தை அவிழ்த்தல் அதன் கைக்கு எட்டியதன்று. நம்மிடை வாழும் நரிக்குறவரும் இந்தோ-ஆரிய மொழியாகிய வாக்ரிபோலியைப் பேசுவோர். பெண்ணுக்குப் பரிசம் கொடுப்போர். தம் வழக்கைத் தம் பெரியோர் முன்னரே தீர்த்துக்கொள்ளும் வழக்கமுடையோர். 2022 திசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தாலேயே அவர் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றனர். இம்மூவரிடை குருதி உறவு தேடுவது எம் கருத்தன்று. பரிசமும் அவையும் எங்கு இணைந்து நிற்கின்றனவோ, அங்கு மணத்தைத் தடுக்கும் வழியும் ஒத்திருக்கும் என்பதே யாம் கூறுவது.

2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தைப் படிப்போர் பலரும் ஈராண்டுச் சிறையையும் இலட்ச ரூபாய்த் தண்டத்தையும் கண்டு அமைவர். வரலாறு கற்போர் நோக்க வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, மூன்றாம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. குழந்தையாக இருந்தபோது மணம் செய்விக்கப்பட்டவர் வேண்டின் அம்மணத்தை நீக்கலாம் என்றும், நீக்கும்போது இரு வீட்டாரும் பெற்ற பணத்தையும் அணிகளையும் பிறவற்றையும் ஒருவர்க்கொருவர் திருப்ப வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. மலையின் ஊரவை வழிவழியாகச் செய்துவந்த தொழிலன்றோ இது! ஆயின் இங்குக் குறை ஒன்றுண்டு. மணம் முடிந்தபின் நீக்கும் வழியையே இவ்விதி கூறுகின்றது. பரிசம் கைமாறி, மணநாள் வாராத இடைக்காலத்தைப் பற்றி அஃது ஒன்றும் கூறவில்லை. தடுத்தற்கு ஏற்ற காலமோ அவ்விடைக்காலமே.

இரண்டாவது, பதினாறாம் பிரிவு. தடுப்பு அலுவலரை அமர்த்துமாறு கூறும் அப்பிரிவு, சமூகத் தொண்டால் மதிப்புப் பெற்ற ஊரார் ஒருவரையோ ஊராட்சி அலுவலரையோ அவ்வலுவலர்க்குத் துணையாகுமாறு மாநில அரசு வேண்டலாம் என்கின்றது. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலர் அத்தடுப்பு அலுவலராவார். சேலத்தில் இருக்கும் அவர்க்கும் மலைமேல் உள்ள வீட்டிற்கும் இடையே மூப்பனுக்கு ஓர் இடம் சட்டத்திலேயே உண்டு. 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இச்சட்டம் பற்றி வழங்கிய தீர்ப்பும், தண்டித்தலினும் தடுத்தலை முன்வைத்து, அந்தந்தச் சமூகத்தின் இயல்பிற்கேற்ற வழிகளை வேண்டியது.

இதுகாறும் கூறியவற்றால் ஊரவையிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கலாம் என யாம் கூறுவதாகக் கொள்ளற்க. அவை தீர்க்கலாகாதன உள. குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தபின், தண்டம் வாங்கிக்கொண்டு வழக்கை மூடிவிடுதல் நடுவன்மை ஆகாது, அது மறைப்பு. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அத்தகைய குற்றத்தை அறிந்தோர் அறிவித்தே ஆகவேண்டும். 2017இல் உச்சநீதிமன்றம், மனைவியே ஆயினும் 18 அகவை நிரம்பாதவளோடு கூடுதல் குற்றமே எனத் தீர்த்தது. அன்றியும், சிறுவர் மணத்தைத் தடுக்கும் அதே வாய், வளர்ந்த இருவர் தாமே விரும்பிச் செய்யும் மணத்தையும் தடுக்க முற்படுதல் உண்டு. அதற்கு எந்த அவைக்கும் உரிமையில்லை என்பது 2018இல் அந்நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் உரைத்த முடிபு. நடுவரின் களம், பரிசத்திற்கும் மணநாளிற்கும் இடைப்பட்ட அச்சிறு காலமே. அதற்கு அப்பால் அவர் கை செல்லலாகாது.

இன்னும் ஒன்று. லெ ஃபானு முதல் ரிச்சர்ட்ஸ் வரையில் யாம் பார்த்த பக்கங்களில், மணத்திற்கு உட்பட்ட மலையாளிப் பெண் ஒருத்தியின் சொல் ஒன்றேனும் பதியப்படவில்லை. அலுவலர் கேட்டதும் மூப்பனை; மூப்பன் கூறியதும் ஆடவர் அவையின் சொல். வெள்ளிவீதியார் காட்டிய ஊரவையை நாம் அறிவது ஒரு பெண்பாற் புலவர் வாயிலாக, தோழி என்னும் பெண்ணின் கூற்றாக. அதற்கு இணையானதொரு சான்று இம்மலைக்கு இல்லை. பரிசத்தைத் திருப்புதற்கு மலையாளர் வழங்கும் சொல் யாது, அவையில் பெண்ணுக்காகப் பேசும் உரிமை தாய்மாமனுக்கா தமையனுக்கா, மணத்தைச் சில ஆண்டு தள்ளிவைத்தால் பரிசம் குறையுமா கூடுமா, சிறு கணவனுக்கு உரியவளானாளைக் குறிக்கத் தனிச்சொல் உண்டா என்பனவற்றைக் கிழவியர் நினைவிலிருந்தே இனித் தொகுத்தல் வேண்டும். முதுகலை மாணவர் எவரேனும் இதனை மேற்கொள்வாராயின், ஆண்டுதோறும் மே திங்களில் சேர்வராயன் கோயில் விழாவிற்கு மலையின் பல ஊரினரும் கூடுவதால் அதனைத் தொடக்கமாகக் கொள்ளலாம். மூப்பனைக் காண்பதற்கு முன்னர்க் கிழவியரைக் காணுதல் வேண்டும். மூப்பன் வந்தமர்ந்தபின் அவர் பேச்சு நின்றுவிடும்.